தாய் கொடுத்த வாக்கு

ஜாவா படிக்கும் மாணவர் மரபுரிமைப் பாடத்துக்கு வந்ததும் இரண்டு விதிகளை எதிர்கொள்கிறார். முதலாவது மெத்தடுகளுக்கானது. தாய் கிளாஸின் மெத்தட் எந்தெந்த எக்செப்ஷன்களை எறியலாம் என்று அறிவித்திருக்கிறதோ, அவற்றுக்கு மேல் எதையும் சேய் கிளாஸின் மெத்தட் எறியக் கூடாது. குறைத்துக்கொள்ளலாம், அடியோடு விட்டும் விடலாம். இரண்டாவது கன்ஸ்ட்ரக்டர்களுக்கானது. தாயின் கன்ஸ்ட்ரக்டர் அறிவித்ததையெல்லாம் சேயின் கன்ஸ்ட்ரக்டரும் அறிவித்தாக வேண்டும். கூட்டிக்கொள்ளலாம், குறைக்க முடியாது.

ஓரிடத்தில் கூட்டக் கூடாது. இன்னோரிடத்தில் குறைக்கக் கூடாது. பலர் இதை மனப்பாடம் செய்து, தேர்விலும் வேலைக்கான நேர்காணலிலும் ஒப்பித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். இது பெரிய இழப்பு என்று நான் நினைக்கிறேன். எதிரெதிராகத் தோன்றும் இந்த இரண்டு விதிகளும் ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை. அந்தக் கேள்வி பிடிபட்டால் மனப்பாடத்துக்கே வேலையில்லை: அழைப்பவருக்கு என்ன தெரியும்?

தோல்விக்கும் இடம் வேண்டும்

ஒரு நிரல் ஓடும்போது கோப்பு காணாமல் போகலாம், பிணையம் அறுந்துபோகலாம், நினைவகம் தீர்ந்துபோகலாம். தொடக்ககால மொழிகள் பலவற்றில் இதைச் சொல்லப் பரவலாக இருந்த வழி: வழக்கமான விடைக்குப் பதிலாக மைனஸ் ஒன்று போன்ற ஓர் அடையாள எண்ணைத் திருப்பித் தருவது. அழைத்தவர் அதைச் சோதிக்க மறந்தால் அந்த எண்ணே விடை என்று எடுத்துக்கொள்ளப்பட்டு, பிழை சத்தமில்லாமல் அடுத்தடுத்த கணக்குகளுக்குள் இறங்கிவிடும்.

1960களில் உருவான பிஎல்/ஒன் மொழி, அசாதாரண நிலைமைகளைத் தனியே கையாள ஒரு வழி தந்தது. 1975இல் ஜான் குடினஃப், இத்தகைய நிலைமைகளை, அதாவது எக்செப்ஷன்களை, ஒரு மொழியின் முறையான உறுப்பாக எப்படி அமைப்பது என்று விரிவாக ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அதே காலத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவ் தலைமையில் குளூ என்ற மொழி வளர்ந்துகொண்டிருந்தது. குளூவில் ஒரு செயல்முறையை எழுதும்போது, அது எந்த வகை விடையைத் தரும் என்று எழுதும் அதே தலைப்பு வரியில், எந்தெந்த எக்செப்ஷன்களை எழுப்பும் என்பதையும் எழுத வேண்டும். தோல்வி அங்கே முகவுரைக்கே வந்துவிட்டது. வெற்றி பெற்றால் என்ன கிடைக்கும் என்பதைப் போலவே, தோற்றால் என்ன வந்து சேரும் என்பதும் வெளியே தெரிய வேண்டிய செய்தி என்ற எண்ணம் அதன் அடித்தளம்.

பின்னால் மாடுலா-3 மொழி இதே வழியில் நடந்தது. ஜாவா ஒரு படி மேலே போனது. செக்டு எக்செப்ஷன் என்று வகைப்படுத்தப்பட்டவற்றை ஒன்று அங்கேயே பிடிக்க வேண்டும், அல்லது தலைப்பு வரியில் அறிவிக்க வேண்டும். இரண்டும் செய்யாத நிரலை ஜாவா கம்பைலர் ஏற்காது. இந்த அத்தியாயத்தின் விதிகள் எல்லாம் இந்தச் செக்டு வகையைப் பற்றியவை. பூஜ்யத்தால் வகுப்பது, எதையும் சுட்டாத நல் ரெஃபரன்ஸைத் தொடுவது போன்றவற்றால் எழும் ரன்டைம் எக்செப்ஷன்களைக் கம்பைலர் கணக்கில் எடுப்பதில்லை.

தாயின் பெயரை மட்டும் அறிந்தவர்

ஜாவாவில் பைட்டுகளை வரிசையாகப் படிக்க இன்புட்ஸ்ட்ரீம் என்ற தாய் கிளாஸ் இருக்கிறது. அதன் ரீட் மெத்தட், ஐஓஎக்செப்ஷன் எறியலாம் என்று அறிவித்திருக்கிறது. அதற்குப் பல சேய்கள். ஃபைல்இன்புட்ஸ்ட்ரீம் வட்டிலிருந்து படிக்கிறது. வட்டு கெடலாம் என்பதால் அதன் ரீட் மெத்தடும் ஐஓஎக்செப்ஷனை அறிவிக்கிறது. பைட்அர்ரேஇன்புட்ஸ்ட்ரீம் நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும் பைட்டுகளிலிருந்து படிக்கிறது. கெடுவதற்கு அங்கே வட்டும் இல்லை, அறுவதற்குப் பிணையமும் இல்லை. ஆகவே ஒரு பைட்டைப் படிக்கும் அதன் ரீட் மெத்தட் எந்தச் செக்டு எக்செப்ஷனையும் அறிவிப்பதில்லை.

இப்போது, வரும் பைட்டுகளைக் கூட்டிச் சரிபார்ப்பு எண் கண்டுபிடிக்கும் ஒரு மெத்தடை யாரோ எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தன்னிடம் வருவது ஓர் இன்புட்ஸ்ட்ரீம் என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். வட்டா, பிணையமா, நினைவகமா, இன்னும் பத்து ஆண்டு கழித்து யாரோ எழுதப்போகும் புதிய சேயா என்பது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. மரபுரிமையின் பயனே அதுதான். அவர் கண்முன் இருக்கும் ஒரே உறுதி, தாய் கொடுத்த வாக்கு: ஐஓஎக்செப்ஷன் வரலாம், வேறு செக்டு எக்செப்ஷன் வராது. அதற்கேற்பத் தயாராகி எழுதிவிட்டார்.

பிறகு ஒருவர் தரவுத்தளத்திலிருந்து படிக்கும் சேய் ஒன்றை எழுதி, அதன் ரீட் மெத்தட் எஸ்கியூஎல்எக்செப்ஷன் எறியும் என்று அறிவிக்க முயல்கிறார். கம்பைலர் மறுக்கிறது. அனுமதித்திருந்தால் சரிபார்ப்பு எண் எழுதியவரின் நிரலுக்குள், அவர் கேள்விப்பட்டே இராத ஒரு தோல்வி நுழைந்திருக்கும். அவர்மேல் தவறு எதுவும் இல்லை. தாயின் வாக்கை நம்பியதுதான் அவர் செய்தது.

குறைப்பதால் இப்படி யாருக்கும் தீங்கில்லை. வரலாம் என்று எதிர்பார்த்தது வரவில்லை என்றால் தயாராக இருந்தவருக்கு நட்டமில்லை. எதிர்பார்த்ததன் உள்வகை ஒன்று வந்தாலும் சிக்கலில்லை: ஃபைல்நாட்ஃபவுண்ட்எக்செப்ஷன் என்பதும் ஐஓஎக்செப்ஷனின் ஒரு சேய்தான், எனவே அதைப் பிடிக்கும் வலையில் இதுவும் விழும். அதோடு, மாறியை பைட்அர்ரேஇன்புட்ஸ்ட்ரீம் என்றே அறிவித்து ரீட் மெத்தடை அழைப்பவரிடம் கம்பைலர் எதையும் பிடிக்கச் சொல்வதில்லை. அவருக்குக் கூடுதலாகத் தெரியும், ஆகவே அவர் சுமையும் குறைகிறது.

ஒரு கிளாஸ் இரண்டு இன்டர்ஃபேஸ்களை ஏற்கும்போது இதே தர்க்கம் ஒரு சுவையான முடிவுக்குக் கொண்டுபோகிறது. இரண்டிலும் ஒரே பெயரில் ஒரு மெத்தட். ஒன்று ஐஓஎக்செப்ஷன் வரலாம் என்கிறது. மற்றது எஸ்கியூஎல்எக்செப்ஷன் வரலாம் என்கிறது. இரண்டையும் நிறைவேற்றும் கிளாஸ் எதை எறியலாம்? இரண்டையும் எறியலாம் என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் இரண்டில் எதையும் எறிய முடியாது. முதல் இன்டர்ஃபேஸை மட்டும் அறிந்தவர் எஸ்கியூஎல்எக்செப்ஷனுக்குத் தயாராக இல்லை, இரண்டாவதை மட்டும் அறிந்தவர் ஐஓஎக்செப்ஷனுக்குத் தயாராக இல்லை. இருவருக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமானால், இரண்டு வாக்குகளுக்கும் பொதுவானது மட்டுமே மிஞ்சும்.

1987இல் ஊப்ஸ்லா மாநாட்டில் ஆற்றிய உரையில் லிஸ்கோவ் இந்தச் சிந்தனைக்குப் பொதுவான வடிவம் கொடுத்தார்: தாய் வகைப் பொருள் இருக்கும் இடத்தில் சேய் வகைப் பொருளை வைத்தாலும், தாயை நம்பி எழுதிய நிரலின் நடத்தை மாறக் கூடாது. 1994இல் அவரும் ஜெனட் விங்கும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் எக்செப்ஷனுக்கென்றே ஒரு விதி இடம்பெற்றது. சேயின் மெத்தட் எழுப்பும் எக்செப்ஷன்கள், தாயின் மெத்தட் எழுப்பும் எக்செப்ஷன்களின் கணத்துக்குள் அடங்க வேண்டும். ஜாவா கம்பைலர் நாள்தோறும் கண்காணிப்பது இந்த அடக்கத்தைத்தான்.

சேய்க்குப் பின் பிறந்த தாய்

வாக்கின் அகலத்தைத் தாய் எப்படித் தீர்மானிக்க வேண்டும் என்பதற்கு ஜாவாவின் வரலாற்றிலேயே நல்ல சான்று உண்டு. திறந்ததை மூடுவதற்கான குளோசபிள் என்ற இன்டர்ஃபேஸ் 2004இல் ஜாவா 5உடன் வந்தது. அதன் குளோஸ் மெத்தட் ஐஓஎக்செப்ஷன் எறியலாம். 2011இல் ஜாவா 7 உருவானபோது, ட்ரை பகுதி முடிந்ததும் திறந்தவற்றைத் தானாகவே மூடும் வசதியைச் சேர்த்தார்கள். தரவுத்தள இணைப்புகளுக்கும் அந்த வசதி வேண்டும். ஆனால் அவற்றின் குளோஸ் மெத்தட் எறிவது எஸ்கியூஎல்எக்செப்ஷன். குளோசபிளின் குடும்பத்தில் அவற்றைச் சேர்த்தால் முதல் விதி மீறப்படும். குளோசபிளின் வாக்கையே அகலப்படுத்தினால், அதை நம்பி எழுதிய பழைய நிரல்கள் எல்லாம் கம்பைல் ஆகாமல் நின்றுபோகும்.

கண்ட தீர்வு அழகானது. குளோசபிளுக்கு மேலே ஆட்டோகுளோசபிள் என்ற புதிய தாயை வைத்தார்கள். அதன் குளோஸ் மெத்தட் எக்செப்ஷன் என்ற மிக அகலமான வகையையே எறியலாம் என்கிறது. அதற்குக் கீழே குளோசபிள் தன் பழைய, குறுகிய வாக்கோடு அப்படியே நிற்கிறது. தரவுத்தள இணைப்பு இன்னொரு சேயாக, தன் சொந்த வாக்கோடு பக்கத்தில் சேர்ந்துகொண்டது. கீழே போகப்போக வாக்கு குறுகலாம் என்பதால்தான் மேலே அகலமான தாயை ஏழாண்டுகள் கழித்தும் பொருத்த முடிந்தது. எந்தப் பழைய நிரலும் உடையவில்லை.

பிறப்பின் விதி

இனி கன்ஸ்ட்ரக்டர். ஃபைல்இன்புட்ஸ்ட்ரீமை நியூ என்று உருவாக்கும்போது, அந்தக் கோப்பு இல்லாவிட்டால் கன்ஸ்ட்ரக்டர் ஃபைல்நாட்ஃபவுண்ட்எக்செப்ஷன் எறியும். அதன் தாயான இன்புட்ஸ்ட்ரீமின் கன்ஸ்ட்ரக்டர் எதையும் எறிவதாக அறிவிக்கவில்லை. சேய் இங்கே கூட்டியிருக்கிறது, கம்பைலரும் பேசாமல் இருக்கிறது. மெத்தடில் குற்றமாக இருந்தது இங்கே எப்படி இயல்பானது?

நம் கேள்வியைத் திரும்பக் கேட்போம். நியூ என்று எழுதுபவருக்கு என்ன தெரியும்? எந்தக் கிளாஸை உருவாக்குகிறார் என்பது துல்லியமாகத் தெரியும்; அதன் பெயரை அவரே எழுதுகிறார். தாயின் பெயரைச் சொல்லிச் சேயை உருவாக்க வழியில்லை. கன்ஸ்ட்ரக்டர் மரபாக வருவதும் இல்லை, ஓவர்ரைடு ஆவதும் இல்லை. தாயின் வாக்கை நம்பி ஏமாறக்கூடியவர் அந்த இடத்தில் யாருமே இல்லாதபோது, கூட்டக் கூடாது என்ற தடைக்கும் தேவையில்லை.

அப்படியானால் குறைக்க ஏன் முடியாது? ஒவ்வொரு சேயின் கன்ஸ்ட்ரக்டரும் முதலில் தாயின் கன்ஸ்ட்ரக்டரை அழைத்தாக வேண்டும். ஒரு பொருளுக்குள் தாயின் பகுதி அஸ்திவாரம். சேயின் பகுதி அதன் மேல் எழும் சுவர். அஸ்திவாரம் இறங்கிப்போன இடத்தில் சுவரைக் கட்டி முடித்து வீட்டை ஒப்படைக்க முடியாது. ஃபைல்இன்புட்ஸ்ட்ரீமுக்கு நீங்கள் ஒரு சேய் எழுதினால், கோப்பு கட்டாயம் இருக்கும் என்று உங்களுக்கு எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும், அதன் கன்ஸ்ட்ரக்டர் ஃபைல்நாட்ஃபவுண்ட்எக்செப்ஷனையோ அதைவிட அகலமான வகையையோ அறிவித்தே தீர வேண்டும். தாயை அழைக்கும் சூப்பர் வரியைச் சுற்றி ட்ரை போட்டு உள்ளேயே பிடித்துவிடலாமா என்றால் ஜாவா அதற்கும் இடம் தராது. நெடுங்காலம் சூப்பர் அழைப்பு கன்ஸ்ட்ரக்டரின் முதல் வரியாகத்தான் இருக்க முடிந்தது. 2025இல் வந்த ஜாவா 25 அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, அதற்கு முன்னால் சில வரிகளை எழுத அனுமதித்தது. அப்போதும் சூப்பர் அழைப்பை ட்ரைக்குள் வைக்கும் வாசலைத் திறக்கவில்லை. திறந்தால், தாய்ப் பகுதி உருவாகாத ஒரு பொருள் முழுமையான பொருளின் பெயரோடு உலவத் தொடங்கும்.

சி++ வேறு பாதையில் வந்து அதே முடிவை எட்டுகிறது. அங்கே கன்ஸ்ட்ரக்டரின் முழு உடலையும் தாயின் அழைப்பையும் சேர்த்து ட்ரைக்குள் வைக்க ஓர் எழுத்துமுறை உண்டு. தாய் எறிந்ததைப் பிடிக்கலாம், பதிவு செய்யலாம், வேறோர் எக்செப்ஷனாக மாற்றியும் எறியலாம். விழுங்க மட்டும் முடியாது. கேட்ச் பகுதியின் கடைசி வரியைத் தாண்டியதும் அந்த எக்செப்ஷன் தானாகவே மீண்டும் எறியப்படும். தாய் பிறக்காதபோது சேய் பிறந்ததாகச் சொல்லக் கூடாது என்பதில் இரண்டு மொழிகளும் ஒன்றுபடுகின்றன.

பாதியில் நின்றவை

கன்ஸ்ட்ரக்டர் பாதி வழியில் எக்செப்ஷன் எறிந்தால், அதுவரை கட்டியவற்றை யார் அப்புறப்படுத்துவது? இந்தக் கேள்விக்கு சி++ தரும் விடை மிகத் துல்லியமானது. ஒரு பொருளின் வாழ்வு அதன் கன்ஸ்ட்ரக்டர் முழுதாக முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. எனவே பாதியில் நின்ற பொருளின் டிஸ்ட்ரக்டர் ஓடாது. ஆனால் அதற்குள் முழுமையாக உருவாகிவிட்ட பகுதிகள், அதாவது தாய்ப் பகுதியும் அதுவரை முடிந்த உறுப்புகளும், உருவான வரிசைக்கு நேர் எதிர்வரிசையில் ஒவ்வொன்றாக அழிக்கப்படும். நியூ வழியாகப் பெற்ற நினைவகமும் தானாகத் திரும்பிவிடும்.

இதன் நடைமுறைப் பாடம் பெரிது. கன்ஸ்ட்ரக்டரின் உடலில் வெறும் பாயின்டர் ஒன்றுக்கு நினைவகம் வாங்கி வைத்துவிட்டு, அடுத்த வரியில் எக்செப்ஷன் எழுந்தால், அந்த நினைவகத்தைத் திருப்பித் தர யாரும் இல்லை. டிஸ்ட்ரக்டரில் அதற்கான வரி எழுதியிருந்தும் பயனில்லை, அது ஓடப்போவதில்லை. அதையே யூனிக்பாயின்டர் போன்ற, தன்னைத் தானே அப்புறப்படுத்திக்கொள்ளும் உறுப்பிடம் ஒப்படைத்திருந்தால், முழுமையாக உருவான உறுப்பு என்ற முறையில் அது அழிக்கப்பட்டு நினைவகமும் மீளும். ஒவ்வொரு வளத்துக்கும் ஓர் உரிமையாளர் பொருள் இருக்க வேண்டும் என்று சி++ஐ உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் வலியுறுத்தி வந்ததன் காரணம் இங்கே தெளிவாகத் தெரிகிறது.

ஜாவாவில் டிஸ்ட்ரக்டர் கிடையாது. ஆகவே பொறுப்பு நிரலாளர் தலையில் விழுகிறது. ஜிசிப் முறையில் சுருக்கிய கோப்பைப் படிக்கும் வழக்கமான வரியைப் பாருங்கள்: ஃபைல்இன்புட்ஸ்ட்ரீம் ஒன்றை உருவாக்கி, அதை அப்படியே ஜிசிப்இன்புட்ஸ்ட்ரீமின் கன்ஸ்ட்ரக்டருக்குள் கொடுப்பார்கள். ஜிசிப்இன்புட்ஸ்ட்ரீம் உருவாகும்போதே கோப்பின் தலைப்பகுதியைப் படித்துப் பார்க்கும். அது ஜிசிப் வடிவில் இல்லாவிட்டால் எக்செப்ஷன் எறியும். அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் ஃபைல்இன்புட்ஸ்ட்ரீம் கோப்பைத் திறந்துவிட்டது. வெளிப்பொருள் பிறக்கவில்லை, உள்பொருளுக்கு நாம் பெயர் வைக்கவில்லை. தானாக மூடும் ட்ரை வசதிக்குள் எழுதியிருந்தாலும், அது அறிந்தது வெளிப்பொருளின் பெயரை மட்டுமே. மூடச் சொல்ல யாரும் இல்லாமல் கோப்பு திறந்தே கிடக்கும். ஆயிரக்கணக்கில் கோப்புகளைக் கையாளும் சர்வரில் இப்படிச் சேர்ந்தால், இனி கோப்பைத் திறக்க முடியாது என்று இயங்குதளம் கைவிரிக்கும் நிலைகூட வரலாம். தீர்வு எளிது: ட்ரையின் அடைப்புக்குறிக்குள் இரண்டையும் தனித்தனிப் பெயரோடு, தனித்தனி வரியாக அறிவித்தால் போதும். இரண்டாவது பிறக்காமல் போனாலும் முதலாவது ஒழுங்காக மூடப்படும்.

விதி காக்காத இடங்கள்

கம்பைலர் எண்ணிப் பார்ப்பது பெயர்களைத்தான், பொருளை அல்ல. ஜாவாவின் லிஸ்ட் இன்டர்ஃபேஸில் ஆட் என்ற மெத்தட் இருக்கிறது. மாற்ற முடியாத லிஸ்ட் ஒன்றில் அதை அழைத்தால் அன்சப்போர்ட்டட்ஆப்பரேஷன்எக்செப்ஷன் வரும். அது ரன்டைம் வகை என்பதால் கம்பைலர் தடுக்காது. லிஸ்டின் ஆவணத்திலேயே, இது விருப்பத்துக்குரிய செயல், ஆதரிக்காத கிளாஸ் இந்த எக்செப்ஷனை எறியலாம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆகவே எழுத்தளவில் வாக்கு மீறப்படவில்லை. ஆனால் ஒரு லிஸ்டைக் கையில் வாங்குபவர் அதில் எதையேனும் சேர்க்க முடியுமா என்பதை அந்த வகையின் பெயரை வைத்துச் சொல்ல முடியாமல் போய்விட்டது. மிகத் தளர்ந்த வாக்கு, வாக்கே கொடுக்காததற்குச் சமம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ரன்னபிளின் ரன் மெத்தட் எந்தச் செக்டு எக்செப்ஷனையும் அனுமதிப்பதில்லை. அதற்குள் கோப்பைப் படிக்க வேண்டியவர், ஐஓஎக்செப்ஷனை ஒரு ரன்டைம் எக்செப்ஷனுக்குள் பொதிந்து அனுப்புகிறார். இதற்கென்றே ஜாவா 8 அன்செக்டுஐஓஎக்செப்ஷன் என்ற வகையைச் சேர்த்தது. தாயின் வாக்கு தேவைக்கு மேல் குறுகியிருந்தால், சேய்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழியைத் தேடும்.

சி#-ஐ வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க், செக்டு எக்செப்ஷன்களை வேண்டுமென்றே விட்டுவிட்டார். ஒரு மெத்தடின் அடுத்த பதிப்பில் புதிய எக்செப்ஷன் ஒன்றைச் சேர்த்தால், அதைப் பயன்படுத்துவோர் நிரல்களெல்லாம் உடையும் என்பது அவர் 2003இல் ஒரு பேட்டியில் எடுத்துவைத்த வாதங்களில் ஒன்று. கோட்லினும் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தது. அவர்களின் சங்கடம் உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கம்பைலர் சோதிப்பதை நிறுத்திவிட்டால் வாக்கு மறைந்துபோவதில்லை; காப்பாற்றும் பொறுப்பு முழுவதும் மனிதரிடம் வந்து சேர்கிறது, அவ்வளவுதான். சி#-இல் எழுதினாலும் பைத்தானில் எழுதினாலும், தாயை நம்பி எழுதியவருக்கு அவர் எதிர்பாராத தோல்வியைச் சேய் கொண்டுவந்தால் நிரல் விழும். சி++கூட, எந்தெந்த எக்செப்ஷன்களை எறியலாம் என்ற அறிவிப்புப் பட்டியல்களைச் சி++17இல் நீக்கிவிட்ட பிறகும், எக்செப்ஷன் எறியமாட்டேன் என்ற நோஎக்செப்ட் வாக்கை மட்டும் விடாமல் வைத்திருக்கிறது. தாயின் விர்ச்சுவல் மெத்தட் அந்த வாக்கைக் கொடுத்திருந்தால், ஓவர்ரைடு செய்யும் சேயும் கொடுத்தாக வேண்டும்.

ஆகவே எந்த மொழியில் எழுதினாலும், ஒரு கிளாஸை வடிவமைக்கும்போது மூன்று முடிவுகளை முதலிலேயே எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தாயின் மெத்தட் எந்தத் தோல்விகளைத் தன் வாக்கில் சேர்க்க வேண்டும்: இன்றைய சேய்களை மட்டும் பார்க்காமல், இனி வரக்கூடிய சேய்களையும் நினைத்து இதைத் தீர்மானிக்க வேண்டும். சேயின் மெத்தட் தனக்கே உரிய தோல்வியைத் தாய்க்குத் தெரிந்த மொழியில் எப்படிச் சொல்லும்: தரவுத்தளத்திலிருந்து படிக்கும் இன்புட்ஸ்ட்ரீம், எஸ்கியூஎல்எக்செப்ஷனைக் காரணமாக உள்ளே வைத்து ஓர் ஐஓஎக்செப்ஷனை எறிந்தால், வாக்கும் நிற்கிறது, உண்மையும் தொலைவதில்லை. கன்ஸ்ட்ரக்டர் பாதியில் நின்றால் அதுவரை திறந்தவற்றை யார் மூடுவது: விடை இல்லாவிட்டால், அந்த வேலையைக் கன்ஸ்ட்ரக்டரிலிருந்து எடுத்துத் தனி மெத்தடுக்கு மாற்றுவது நல்லது. ஒரு கிளாஸ் வெற்றியில் என்ன தரும் என்பதை மட்டும் எழுதியவர் அதன் பாதியைத்தான் எழுதியிருக்கிறார். மறுபாதி அதன் தோல்விகளில் இருக்கிறது. மற்றவர்கள் அந்தக் கிளாஸை நம்பலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்வதும் அந்த மறுபாதிதான்.